பதினோராம் நம்பர் ஸ்டெட்

ஹால்ஸ்டெட் கம்பெனியில் வேலை பார்த்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் 'ஸ்டெட்' என்றால் கட்டில். அதில் யாருக்கும் துளி சந்தேகம் கிடையாது. பெட் என்றால் மெத்தை, ஸ்டெட் என்றால் கட்டில், சேர்த்துச் சொன்னால் பெட்ஸ்டெட். கம்பெனி செய்து விற்றதே அதைத்தான். திருமுல்கேரி பட்டாளத்துக்கும் ராணுவ ஆஸ்பத்திரிக்கும் வண்டி வண்டியாக இரும்புக் கட்டில் இங்கிருந்துதான் போனது. முதலாளி ஹால்ஸ்டெட் துரையின் பெயரிலும் ஸ்டெட் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்டால், அதற்கும் ஹெட்கிளார்க் பத்மநாபன் கைவசம் பதில் வைத்திருந்தார்.

"அவங்க வம்சமே பெரிய வம்சம்யா. ஹால்லயே கட்டில் போட்டுப் படுப்பாங்க. அதான் ஹால்ஸ்டெட்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பத்மநாபன் செங்கல்பட்டிலிருந்து வந்தவர், மெட்ரிகுலேஷன் வரைக்கும் போனவர், கறுப்புக் கோட்டு போடுகிறவர். இங்கிலீஷ் விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கு வாய் இருந்தது? சிகந்தராபாத்திலிருந்து திருமுல்கேரி போகிற ரோட்டில், அந்தத் தகரக் கொட்டகைக்குள் அவர் சொன்னதுதான் அகராதி.

இந்தத் தப்பு யாருக்கும் கெடுதல் செய்யாமல் அப்படியே கிடந்திருக்கும். எலிசபெத்தின் பிழைப்பில் போய் மாட்டிக்கொண்டதுதான் வினை.

எலிசபெத் கட்டிலுக்கு நாடா பின்னுகிறவள். அந்த நாடாவை ஊரில் நவார் என்பார்கள். இரும்புச் சட்டத்தில் முதலில் நீளவாட்டில் இழுத்துக் கட்டி, பிறகு குறுக்குவாட்டில் மேலும் கீழுமாக விட்டுப் பின்ன வேண்டும். சட்டத்தில் முழங்காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுக்காவிட்டால் ஒரே வாரத்தில் கட்டில் தொட்டிலாகிவிடும். அவள் பின்னி முடித்த கட்டிலை உள்ளங்கையால் தட்டினால் 'டம்' என்று சத்தம் கேட்கும். தட்டிப் பார்த்து அந்தச் சத்தம் வராவிட்டால், எத்தனை நேரம் ஆனாலும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

ஆனால் அந்த வேலை அவளுடையது இல்லை. அவள் புருஷன் சூசைராஜுடையது.

சூசைராஜ் திருச்சிக்காரன். நல்ல மனுஷன், நல்ல குரல், நல்ல கைப்பக்குவம். நாடா பின்னுவது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் வரும். 1919-ஆம் வருஷம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்த மறுநாள், மாதா கோயில் படியில் கிளாரினெட்டோடு இறங்கியவன் வழுக்கி விழுந்தான். கிளாரினெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டதால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. கால்தான் இரண்டு இடத்தில் முறிந்தது. ஒரு வாரத்துக்கு ஆள் இல்லாமல் போனால் வேலை போய்விடும் என்று எலிசபெத் புறப்பட்டுப் போய், கட்டில்களை மாட்டிப் பின்னுவதற்குத் தரையில் நட்டிருந்த பதினோராம் நம்பர் சட்டத்தின் முன்னால் நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. பத்மநாபன் யோசித்துப் பார்த்து, ஆட்கள் வரவைக் குறிக்கிற ஹாஜிரிப் புத்தகத்தில் சூசைராஜின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதினார். 'இன் தி ஸ்டெட் ஆஃப்' என்று ஆரம்பித்தது அது. மனு எழுதும் புத்தகம் ஒன்றில் அவர் பார்த்து வைத்திருந்த வாசகம்.

"என்னங்கய்யா எழுதுனீங்க?" என்று கேட்டாள் எலிசபெத்.

"சூசைராஜோட ஸ்டெட்ல நீ இருக்கேன்னு எழுதியிருக்கேன். அவன் கட்டில்ல நீ வேலை பாக்குறியா இல்லையா? அதாம்மா."

சரியாகத்தான் இருந்தது. பதினொன்று சூசைராஜின் சட்டம். அதில்தான் அவள் பின்னினாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. படுத்துக் கிடந்த சூசைராஜ் பொழுது போகாமல் காலையும் மாலையும் கிளாரினெட் ஊதினான். அந்த வழியாகப் போன கல்யாண பேண்டுக்காரர் ஒருவர் நின்று கேட்டார். கால் கூடியதும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஹைதராபாத்தில் எந்த மூலையில் ஷாதி நடந்தாலும் மாப்பிள்ளை குதிரைக்கு முன்னால் சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையுமாக நம் சூசைராஜ். கல்யாணம் இல்லாத நாட்களில் வீட்டில் சமையல் செய்தான், சின்னதுகள் இரண்டையும் குளிப்பாட்டினான், பேண்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்ட பக்காரா சோற்றை, அவர்கள் குடியிருந்த லால் பஜார் முழுக்க மணக்க மணக்க ஆக்கினான். அவன் ஆக்கிய சோற்றை ஒரு தரம் சாப்பிட்டவர்கள் எலிசபெத் வைத்த குழம்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவளும் விட்டுவிட்டாள்.

இப்படியே ஒன்பது வருஷம். தினம் காலையில் பத்மநாபன் "சூசைராஜ்!" என்று கூப்பிடுவார். "ஹாஜர்!" என்று எலிசபெத் குரல் கொடுப்பாள். பக்கத்துச் சட்டத்துத் தாயம்மாள், "ஏண்டி சூசைராஜு, மீசை வழிச்சுட்டு வந்தியா?" என்று கேலி செய்வாள். அதுவும் தினம்தான். தனக்கு மூன்று வருஷம் பிந்திக் கொட்டகைக்கு வந்த தாயம்மாளுக்கே புத்தகத்தில் சொந்தப் பெயர் இருந்தது. எலிசபெத்துக்கு அது கொஞ்சம் உறுத்தும். ஆனால் நாடாவை இழுக்க ஆரம்பித்தால் மறந்துபோகும்.

1928-இல், மழை விட்டிருந்த ஒரு நாள், துரை ஒரு நோட்டீஸ் ஒட்டினார். பெயிண்ட் அடிக்கிற பிரிவில் ஒரே பெயருக்கு ஒரே வாரத்தில் மூன்று வேறு வேறு ஆட்கள் வந்து நின்றதை அவர் கண்டுபிடித்திருந்தார். போன வாரம் ஒற்றைக் கண்ணோடு இருந்தவன் இந்த வாரம் இரண்டு கண்ணோடு வந்தால் யாருக்குத்தான் தெரியாது? அதனால் கண்டிப்பான உத்தரவு. புத்தகத்தில் யார் பெயரோ அந்த ஆளேதான் வேலைக்கு வரவேண்டும். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து பதிலாள் என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு ஆள் வராவிட்டால் பெயர் அடிக்கப்படும்.

பத்மநாபன் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். கடைசி வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. எலிசபெத்தின் பக்கம் பார்க்காமலேயே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

எலிசபெத் கையிலிருந்த கட்டிலை இரண்டு தரம் பிரித்துப் பின்னினாள்.

வீட்டுக்குப் போனதும் விஷயத்தைச் சொன்னாள். சூசைராஜ் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். கரண்டியைக் கீழே வைக்காமலேயே, "அதுக்கென்ன புள்ள, திங்கக்கெழம நானே வந்து உக்காந்துட்டாப் போச்சு" என்றான்.

"உக்காந்து? கிளாரினெட்டு ஊதுவீங்களா?"

"நாடா இழுக்க மாட்டனா? நான் இழுக்காத நாடாவா?"

"நீங்க இழுத்த லெச்சணம் எனக்குத் தெரியாதா? நீங்க பின்னுன கட்டில்ல படுத்த சோல்ஜரு தரையில முதுகு இடிக்குதுன்னு எழுந்து வந்து சண்ட போட்டான்ல?"

சூசைராஜ் வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அது நிஜமாகவே நடந்தது.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எண்ணிப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து போகச் சொல்லிவிட்டால் அவள் எங்கே போவாள்? வீட்டில் அடுப்படி அவனுடையது. எந்த டப்பாவில் பட்டை, எதில் ஏலக்காய் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் பசித்தால் "அப்பா" என்றுதான் கத்தின. தெருவில் அவளை 'பேண்டுக்காரர் பொஞ்சாதி' என்றார்கள். காலையில் அந்தச் சட்டத்தில் முழங்காலை ஊன்றி முதல் நாடாவை இழுக்கிற அந்த ஒரு நொடியில்தான் தான் யாரென்று அவளுக்கே தெரிந்தது. அது போய்விடக்கூடாது. மாதாவே, அது போய்விடக்கூடாது என்று பாய் மேல் உட்கார்ந்தபடி வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் பத்மநாபனிடம் போனாள்.

"ஐயா, புஸ்தகத்துல அவரு பேர அடிச்சுட்டு என் பேர எழுதிடுங்களேன்."

"எனக்கு ஏதும்மா அதிகாரம்? தொரைக்கு மனு போடணும்." அவர் ஹாஜிரிப் புத்தகத்தை விரித்து, பொடி எழுத்தின் மேல் விரல் வைத்தார். "சிக்கல் எங்க இருக்குன்னா, நீ அவன் ஸ்டெட்ல இருக்கே. அதான் அவன் பேரு நிக்குது. உனக்குன்னு தனியா ஒரு ஸ்டெட் குடுத்துட்டாங்கன்னா உன் பேரு தானா வந்துடும்."

"அப்ப எனக்கு ஒரு ஸ்டெட் வேணும்னு எழுதுங்கய்யா."

"எழுதறேன். பிரமாதமா எழுதறேன், பாரு."

எழுதினார், அந்த நல்ல மனுஷன். மதியம் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு எழுதினார். வெறும் 'ஸ்டெட்' என்று போட்டால் அரை வார்த்தையாக, துரைக்கு மரியாதைக் குறைவாகத் தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் எல்லா இடத்திலும் 'பெட்ஸ்டெட்' என்று முழு வார்த்தையாகவே போட்டார். அவர் எழுதிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. நான் ஒன்பது வருஷமாக என் புருஷன் சூசைராஜின் கட்டிலில் இருந்து வருகிறேன். வருகிற திங்கட்கிழமை முதல் அதில் இருக்க முடியாத நிலைமை ஏற்பட்டிருக்கிறது. ஆகையால் கருணை கூர்ந்து எனக்கென்று தனியாக ஒரு கட்டில் தந்தருள வேண்டும்.'

எலிசபெத் கீழே கைநாட்டு வைத்தாள்.

துரை அதை பங்களாவில் தேநீர் குடிக்கும்போது பிரித்திருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, மனைவியிடம் நீட்டியிருக்கிறார். துரைசானிக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு தரம் படித்தாள். ஒரு ஏழைப் பெண் ஒன்பது வருஷம் பொறுத்திருந்து, கடைசியில் தனிக் கட்டில் கேட்டு எழுதுகிறாள் என்றால் அந்தப் புருஷன் எப்பேர்ப்பட்ட ராட்சசனாக இருக்க வேண்டும்! இன்றைக்கே ஒன்றை அனுப்பு என்றாள். துரைசானி சொன்ன பிறகு துரைக்கு ஏது மறுபேச்சு?

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி மாட்டுவண்டி லால் பஜார் சந்துக்குள் திரும்பியது. ஓட்டி வந்தது மஸ்தான். வண்டியில் பச்சை பெயிண்ட் அடித்த புத்தம்புது இரும்புக் கட்டில். சந்து முழுக்கத் தலைகள் வெளியே நீண்டன.

மஸ்தான் இறங்கி, சூசைராஜை மேலும் கீழும் முறைத்துவிட்டு, எலிசபெத்திடம் தன் கலப்படத் தமிழில் சொன்னான். "அம்மா, மேம்சாப் சொல்லி அனுப்பினாங்க. நீ பயப்படுறது நக்கோ. இது உன் ஒருத்திக்குத்தான். இந்த ஆள் கிட்ட வந்தா மேம்சாபுக்கு கபர் அனுப்பணுமாம்."

"நான் என்னய்யா பண்ணேன்?" என்றான் சூசைராஜ், கையில் கரண்டியோடு.

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், சந்தே பிடித்துக்கொண்டது. 'என்ன சூசை, வீட்டுக்குள்ளயே தனிக்குடித்தனமா?' என்று ஒருவர். 'கிளாரினெட்டு சத்தம் தாங்கலயாம்' என்று இன்னொருவர். எலிசபெத்துக்குக் காது மடல் எரிந்தது. வேலை கேட்டால் கட்டில் வந்திருக்கிறது! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். சூசைராஜுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. வண்டி போனதும் கட்டிலில் ஏறிப் படுத்து, "ஆகா" என்றான்.

"எறங்குங்க கீழ! திங்கக்கெழம இத திருப்பிக் குடுக்கப்போறேன்."

"எதுக்கு? வந்தத ஏன் புள்ள விடணும்?"

"எனக்குக் கட்டில் எதுக்கு? தெனம் நூறு கட்டிலுக்கு மத்தியில நிக்கிறவ நான்."

அவனை இறக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் உள்ளங்கையால் கட்டிலைத் தட்டினாள். 'டம்' என்று வரவில்லை. 'தொப்' என்றது. யாரோ அவசரத்தில் பின்னிய கட்டில். முகத்தைச் சுளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதை மறுபடி தட்டினாள். தொப். சமையலுக்கு நடுவே சூசைராஜ் எட்டிப் பார்த்தபோது அவள் நாடா முழுவதையும் பிரித்துப் போட்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கப்போகிற கட்டில்தான். ஆனாலும் அப்படித் தொளதொளவென்று விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. சட்டத்தில் முழங்காலை ஊன்றி, இழுத்து, சாய்ந்து, வரிசைக்கு வரிசை நெருக்கி, கடைசி முடிச்சைப் போட்டுத் தட்டினாள். டம். ஓய்ந்திருக்க வேண்டிய கடன் திருநாளில் வேலை செய்தது பாவம் என்பது தெரியும். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலையில் ஒரு கூலிவண்டி பிடித்து, கட்டிலை ஏற்றி, புருஷனையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். சூசைராஜ் அவசரத்தில் பேண்டுக் கோட்டையே மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மதியம் சுல்தான் பஜாரில் ஒரு கல்யாணம். கொட்டகை ஆட்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டுத் துரையே வெளியே வந்தார்.

துரைக்குத் தமிழ் வராது. அவருக்குத் தெரிந்தது பட்டாளத்து இந்துஸ்தானி, எலிசபெத்துக்குத் தெரிந்தது லால் பஜார் இந்துஸ்தானி. இரண்டும் கூடப்பிறந்தவை இல்லை, ஆனால் பேச்சு ஓடியது. எங்கே சிக்கிக்கொண்டதோ அங்கே பத்மநாபன் எடுத்துவிட்டார்.

கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தது ஏன் என்று கேட்டார் துரை. பிடிக்கவில்லையா?

"கட்டில் நக்கோ, வேணாம் சாப்" என்றாள் எலிசபெத். "எனக்கு ஸ்டெட் வேணும்."

துரை கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பத்மநாபனைப் பார்த்தார். பத்மநாபன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

எலிசபெத் விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய்ப் பதினோராம் நம்பர் சட்டத்தின் மேல் கையை வைத்தாள். அவள் பேசியதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம். ஒன்பது வருஷமாக நான் இங்கே நிற்கிறேன். இந்தச் சட்டத்தில் என் முழங்கால் பட்ட இடம் பெயிண்ட் போய்த் தேய்ந்திருக்கிறது, பாருங்கள். தினம் காலையில் புருஷன் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நான் பதில் சொல்கிறேன். புத்தகத்தில் என் பெயர் இல்லை. அதைத்தான் கேட்டேன். நீங்கள் படுக்கக் கட்டில் அனுப்பியிருக்கிறீர்கள். ஊரே சிரிக்கிறது.

கடைசியில் அவள் குரல் உடைந்தது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

துரை சிரிக்கவில்லை. ஹாஜிரிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். பிறகு பத்மநாபனிடம் நிதானமாகக் கேட்டார். "மிஸ்டர் பத்மநாபன், ஸ்டெட் என்றால் என்ன?"

"கட்டில், சார்."

துரை இப்போது சிரித்தார். குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கட்டில் நஹீ! ஸ்டெட் மத்லப் ஜகா. ஜகா!"

ஜகா என்றால் இடம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கூட்டம் பத்மநாபன் பக்கம் திரும்பியது.

அவர் விளக்கினார். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பழைய இங்கிலீஷ் வார்த்தை அது, இடம் என்று அர்த்தம், இப்போது தனியாக யாரும் அதிகம் சொல்வதில்லை, மற்ற வார்த்தைகளின் வாலாகத் தொங்கிக்கொண்டு பிழைக்கிறது. மெத்தையை வைக்கிற இடம் பெட்ஸ்டெட். ஹால்ஸ்டெட் என்பது அவருடைய முன்னோர் வந்த ஊரின் பெயர். ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம், அடைக்கலம் கிடைக்கிற இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்களாம். இன்ஸ்டெட் என்றால் ஒருவர் இடத்தில் இன்னொருவர்.

"ஹால்ல கட்டில் இல்லையா அப்ப?" என்று பின்னாலிருந்து தாயம்மாள் கேட்டாள். பத்மநாபன் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

பாவம் பத்மநாபன். இருபது வருஷமாகக் கட்டிலாகவே நின்ற வார்த்தை காலடியிலிருந்து நழுவிப் போனால் யாருக்குத்தான் ஆடாது? ஆனால் படித்தவர் படித்தவர்தான். நாலைந்து தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "அட! நம்ம தமிழ்லயும் அப்படியேதானேய்யா! அவன் இடத்தில் இவன். ஒரு எழுத்து பிசகலையே!" என்று கோட்டு பறக்கக் கத்தினார். துரையின் அறையில் இருந்த பெரிய அகராதியை அன்று மதியமே இரவல் வாங்கிப் பார்த்து, ஸ்டெடி என்ற வார்த்தையும் இதிலிருந்து வந்ததுதான், இருந்த இடத்தில் அசையாமல் இருப்பது என்று கண்டுபிடித்து, சாயங்காலத்துக்குள் கொட்டகையில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்தார். வருஷக்கணக்காகத் தானே சொல்லிக்கொடுத்து வந்ததைப் போலத்தான் சொன்னார்.

ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை. துரை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் புருவத்தைத் தூக்கினார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், உள்ளங்கையால் தட்டினார். டம்.

"இது நான் அனுப்பிய கட்டில் இல்லையே?"

"அதேதான் சாப். தொளதொளன்னு இருந்துச்சு. பிரிச்சுப் பின்னுனேன்."

"திருப்பிக் கொடுக்கப்போகிற கட்டிலையா?"

"நான் பாத்துட்டேனே சாப். பாத்துட்டு எப்படி விடுறது?"

துரை தாடையைத் தடவிக்கொண்டார். உத்தரவு போட்டவரே உத்தரவை மீறினால் நாளைக்குப் பெயிண்ட் பிரிவில் பெயருக்கு ஆறு பேர் வருவார்கள். பெயர் சூசைராஜுடையது, அவனும் எதிரில்தான் நிற்கிறான், சிவப்புக் கோட்டும் சரிகையுமாக. அவனைக் கூப்பிட்டார். இந்த இடம் புத்தகப்படி உன்னுடையது, இதை உன் மனைவிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று பத்மநாபனை விட்டுக் கேட்கச் சொன்னார்.

எலிசபெத் புருஷனைப் பார்க்கவில்லை. சட்டத்தின் தேய்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டலாக ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று பயந்தாள்.

சூசைராஜ் தொப்பியைக் கழற்றினான்.

"குடுக்குறதுக்கு அது எங்கிட்ட ஏதுங்க தொர? நான் காலு ஒடிஞ்சு விழுந்த அன்னிக்கே அது அவ எடமாப் போச்சு. நான் நின்ன வரைக்கும் இந்தச் சட்டத்துல ஒரு கட்டிலும் இப்படி சத்தம் போட்டதில்லீங்க. எம் பேர இத்தன வருஷமா அவதான் காப்பாத்திக் குடுத்திருக்கா. இப்ப அவ பேர அவகிட்ட குடுத்துடுங்க."

பத்மநாபன் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. துரை பேனாவை எடுத்து, சூசைராஜின் பெயரையும் கீழே இருந்த பொடி எழுத்தையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக எழுதினார். கட்டிலைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். இதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மேம்சாப் தன்னைச் சும்மா விடமாட்டாள் என்றார்.

அதற்குப் பிறகு எலிசபெத் பதினெட்டு வருஷம் பதினோராம் நம்பரில் நின்றாள். 1946-இல் முழங்கால் மடங்க மறுத்தபோதுதான் விட்டாள். இடையில் ஒரு தடவை மலேரியாவில் நாலு நாள் படுத்தாள். அப்போது துரையின் விசேஷ அனுமதியோடு சூசைராஜ் வந்து நின்றான், புத்தகத்தில் 'எலிசபெத்தின் ஸ்டெட்டில்' என்று பத்மநாபன் சரியான அர்த்தத்தில் எழுதினார். அந்த நாலு நாள் கட்டில்களையும் அவள் எழுந்து வந்ததும் பிரித்துப் பின்னினாள். பச்சைக் கட்டிலில் யார் படுத்தார்கள் என்று லால் பஜாரில் கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான், பெயர் எழுதிய மறுநாள்.

எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பத்மநாபன் புத்தகத்தை விரித்தார். ஒன்பது, பத்து என்று வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எலிசபெத்!" என்றார்.

பதில் இல்லை.

"எலிசபெத்!"

எலிசபெத் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மற்றவர்களைப் போலவே திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷம் சூசைராஜ் என்ற சத்தத்துக்காகவே திறந்து திறந்து பழகிய வாய். அது இன்னும் காத்துக்கொண்டிருந்தது. தாயம்மாள் விலாவில் இடித்தாள். "அடியே, உன்னத்தாண்டி!"

அதற்குள் வாசல் பக்கமிருந்து கணீரென்று ஒரு ஆண் குரல் கேட்டது.

"ஹாஜர்!"

அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு சூசைராஜ் நின்றிருந்தான்.

"யாருய்யா அது?" என்றார் பத்மநாபன்.

"நாந்தாங்கய்யா. அவ பேசாம நிக்கிறாளேன்னு அவ எடத்துல நான் சொன்னேன்."

கொட்டகையே கொல்லென்று சிரித்தது. எலிசபெத்தும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் கையை நீட்டினாள்.

"நக்கோ! என் எடத்துல நானே சொல்லிக்கிறேன். நீங்க தூக்க வச்சுட்டுக் கெளம்புங்க."

பிறகு பத்மநாபன் பக்கம் திரும்பி, தகரக் கூரை அதிரச் சொன்னாள்.

"எலிசபெத், ஹாஜர்!"